பேர் வெட்டின டம்ளர்

டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். பாருங்கள், தப்பில்லை. பெயர் என்னுடையது இல்லைதான். ‘ப. பொன்னரங்கம்’ என்று வெட்டியிருக்கும். உரக்கடை பொன்னரங்கம், உங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். கழுவித்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறாள், யோசிக்காமல் குடியுங்கள். எழுத்தைச் சுற்றிக் கறுத்திருக்கிறதே, அந்த இடத்தில் மட்டும் நார் போட்டுத் தேய்க்கமாட்டாள். எழுத்து தேய்ந்துவிடுமாம். விரலால் தடவி அலசி வைத்துவிடுவாள். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். காபி எப்படி? இந்தக் காபிக்காக இருபது வருஷம் சாயங்காலமானால் மூன்று தெரு தாண்டி நடந்தவன் நான். இப்போது உட்கார்ந்த இடத்துக்கு வருகிறது.

உயிலை நிறைவேற்ற வரதராசனைப் போடு, ஊரில் அவனைவிட நேரான ஆள் கிடையாது என்று அப்பா சொன்னதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். அவருக்கு இப்போது வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்கிறீர்கள். கஷ்டம்தான். மாடி வீட்டை உங்கள் அக்காவுக்கு எழுதவேண்டும் என்கிறார், அதற்குத்தான் இந்த அவசரம் எல்லாம். புரிகிறது. நீங்கள் இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே இதற்கெல்லாம் ஒரு கம்பெனி இருக்கும், கணினியில் தட்டினால் முடிந்துபோகும். இங்கே எல்லாம் ஆளை நம்பித்தான். அதனால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் தெரிந்துகொண்டுதான் போகவேண்டும். பொன்னரங்கம் விஷயத்தைச் சொன்னால் போதும். அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முப்பத்துநாலு வருஷம் பத்திரப் பதிவு ஆபீஸில் இருந்தவன். உயில் மட்டும் ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பேன். எழுதுகிறவன் எப்போதும் அழுவான். படிக்கிறவன் அழக்கூடாது. நிறைவேற்றுகிறவன் வேலை அதுதான், தம்பி. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அது. செத்தவன் மனதில் என்ன இருந்தது என்று தோண்டிக்கொண்டிருந்தால் ஒரு சொத்தும் கைமாறாது.

பொன்னரங்கம் எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். ‘டேய்’ போட்டுக்கொள்கிற சிநேகிதம். பிள்ளை கிடையாது. அவன் வீட்டுக்காரி இந்திராணிக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது ஒரு உயில் எழுதினான். வீடு அவளுக்கு, அவள் காலத்துக்குப் பிறகு அண்ணன் மகன்கள் இரண்டு பேருக்கும் என்று. நிறைவேற்ற என்னைப் போட்டான். நானே பக்கத்தில் நின்று பதிவு செய்துகொடுத்தேன். சுத்தமான உயில். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

இந்திராணியைப் பார்த்துக்கொள்ள வந்தவள்தான் கோசலை. பெரம்பலூர்ப் பக்கம். இருபத்தாறு வயதில் தாலி அறுத்தவள், வரும்போது முப்பது இருக்கும். தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது, சமைப்பது எல்லாம் அவள்தான். நாலு வருஷத்தில் இந்திராணி போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்ததும் இவள் கிளம்பியிருக்கவேண்டும், இல்லையா? கிளம்பவில்லை. அவனும் போ என்று சொல்லவில்லை. அப்புறம் ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் நான் போயிருக்கிறேன். காபி கொண்டுவந்து வைக்கிறாள். நெற்றியில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு. நான் பார்த்தேன். பொன்னரங்கம் பேப்பரை மூஞ்சிக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். காபியைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரி உயிரோடு இருந்தவரைக்கும் அந்த வீட்டு வாசல்படி மிதித்ததில்லை. நான் போவதையும் அவள் விரும்பியதில்லை. சிநேகிதனை விட்டுவிட முடியுமா? அந்தக் காபியையும்தான்.

தாலி கட்டினானா என்று கேட்பீர்கள். இல்லை. நான் ஒரு தடவை கேட்டேன். இந்த வயசுல அதெல்லாம் எதுக்குடா, ஊர் சிரிக்கும் என்றான். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. உயிலை மாற்றினானா? அதுவும் இல்லை. மாத்தணும், மாத்தணும் என்பான். உரமூட்டை வந்து இறங்கும், மறந்துவிடுவான். மனுஷனுக்குச் சாவு என்பது அடுத்த வீட்டுக்காரனுக்கு வருவது.

மூன்று வருஷம் இருக்கும். ஐப்பசி. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியுமே. ஆல்பர்ட் என்று ஒரு ஆள், வீடு வீடாக வந்து ஊசி போடுகிறவர், காலையும் மாலையும் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டனுப்பினான். போனேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு முழுத்தாள் எடுத்துக் கொடுத்தான். அவன் கையெழுத்துதான், கோணல்மாணலாக. மூன்று வரி. ‘நான் முன்பு எழுதிய உயிலோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியது. இந்த வீட்டில் கோசலை தன் ஆயுள் உள்ளவரை இருந்துகொள்ளலாம். அதன் பிறகே என் அண்ணன் மகன்களுக்குச் சேரவேண்டியது.’ கீழே தேதி, கையெழுத்து. சாட்சி என்று எழுதி ஆல்பர்ட் ஒரு கையெழுத்து போட்டிருந்தார். இரண்டாவது சாட்சிக்கு இடம் விட்டிருந்தது.

“நீ போடுடா,” என்றான்.

நான் சொன்னேன், நான் நிறைவேற்றுகிறவன், சாட்சி போடுவது முறையில்லை என்று. எங்கள் ஆபீஸில் பத்திரத்தில் பெயர் உள்ளவனைச் சாட்சிப் பக்கத்தில் பார்த்தால் நாங்கள் புருவத்தைத் தூக்குவோம். அப்படிப் பழகியவன் நான். அவனுக்கு மூச்சு வாங்குகிறது. பேச முடியவில்லை. தாளை என் மடியில் வைத்து அழுத்துகிறான். கோசலை கதவோரம் நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். அந்த ஆளோடு சுற்றுச்சுவர் விஷயத்தில் பழைய தகராறு. நாளைக்குக் கோர்ட்டு என்று வந்தால் மாற்றிச் சொல்வான். சாட்சி என்றால் கூண்டில் ஏறினாலும் நிற்கிற சாட்சியாக இருக்கவேண்டும். பத்திர எழுத்தர் நல்லுசாமி என்று ஒருத்தன், என் காலத்து ஆள், அவனைக் கூட்டிவருகிறேன் என்றேன்.

“நாளைக்கு வந்துருவியா?” என்றான்.

வருகிறேன் என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தால் மறுநாள் அஷ்டமி. அதற்கு அடுத்த நாள் நவமி. நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் ஆபீஸுக்கு ஒரு அஷ்டமி அன்று வந்து பார்த்திருக்கவேண்டும், ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். ஒரு குழி நிலம் வாங்குகிறவன்கூட வரமாட்டான். அவன் நல்லதுக்குத்தான் பார்த்தேன். ஆயுள் பரியந்தம் என்று எழுதுகிற காகிதத்தில் அஷ்டமியில் கையெழுத்துப் போட்டால் விளங்குமா? இரண்டு நாள்தானே.

நடுவில் ஆள் வந்தது. கோசலைதான் அனுப்பியிருந்தாள். தசமி காலையில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

தசமி அன்று குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பேனாவில் மை ஊற்றிக்கொண்டு நல்லுசாமியோடு போனேன். தெருமுனை திரும்பும்போதே வாசலில் ஆள் நிற்பது தெரிந்தது. விடியற்காலம் போய்விட்டிருக்கிறான். அவன் நேரம் அப்படி. சாட்சி போட வந்த நல்லுசாமி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாடைக்கு மூங்கில் வெட்டப் போனான்.

கோசலை அழவில்லை. உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். மூங்கில் வெட்டக் கிளம்பும் முன் நல்லுசாமி என்னைத் தனியாக அழைத்துப்போய்க் காதோடு காதாகச் சொன்னான்:

“வரதா, முந்தாநாள் தேதி போட்டு நான் ஒரு கையெழுத்து போட்டுடறேன். செத்தவன் எழுந்து வந்து இல்லேன்னா சொல்லப்போறான்?”

அந்த இடத்தில்தான், தம்பி, மனுஷனுடைய நேர்மை தெரிகிறது. செத்தவன் சிநேகிதன். கண் முன்னால் கிடக்கிறான். ஒரு கையெழுத்து, ஒரு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. ஆனால் நான் அசையவில்லை. பொய்ச் சாட்சி என் கை வழியாகப் போகாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, நிறைவேற்றுகிறவனுக்கு முதல் வேலை சாவுக் காரியத்தைக் கௌரவமாக நடத்துவது. நடத்தினேன். அண்ணன் மகன்கள் வந்தார்கள். பெரியவன் கதிரவன் ஓசூரில் இருக்கிறான், அவன்தான் கொள்ளி போட்டான். தம்பி பெங்களூர். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், ஆனால் உலகம் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்தில் பாருங்கள், ஒரு விஷயம். பந்தலில் உறவுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு செல்போன், படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் உள்ளேயிருந்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, பொட்டை அழித்துவிட்டு வெறும் நெற்றியோடு வருகிறாள். எனக்குத் திக்கென்றது. மற்றவர்களுக்கு அது துக்கம். பத்திரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது என்ன? அத்தாட்சி. நாளைக்கு ஒரு வக்கீல் அந்தப் படத்தைக் காட்டி, ஊரார் முன்னிலையில் விதவைக் கோலம் பூண்டாள், ஆகவே மனைவிதான் என்று வாதாடினால் யார் பதில் சொல்வது? நேராக அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன்.

“பொட்டை வச்சுக்கிட்டு வாம்மா,” என்றேன். “கலர் புடவை கட்டிக்க. வீட்டை ஒப்படைக்கிற வரைக்கும் பொட்டை அழிக்கப்படாது.”

வெறும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“பதினஞ்சு வருஷம் இந்தப் பொட்டுக்குத்தாண்ணே ஊர் என்னைத் திட்டுச்சு,” என்றாள்.

இருந்தாலும் சொன்னபடி கேட்டாள், அதைச் சொல்லவேண்டும். உள்ளே போய் வைத்துக்கொண்டு வந்தாள். நீலப் புடவை. பந்தலில் பெண்டுகள் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்கள். ஆம்பள போயி பதினாறு நாள் ஆகல, மினுக்கிக்கிட்டு வர்றா பாரு என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. கேட்டுக்கொண்டு இலை போட்டாள். காரியம் கெடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கதிரவனையும் தம்பியையும் உட்காரவைத்து உயிலைப் படித்தேன். அவளிடமிருந்த அந்த மூன்று வரித் தாளையும் வாங்கி மறைக்காமல் காட்டினேன். ஒரு சாட்சி குறைகிறது, செல்லாது என்பதையும் சொன்னேன். கதிரவன் என்ன சொன்னான் தெரியுமா?

“செல்லுதோ செல்லலையோ, சித்தப்பா எழுதியிருக்காருல்ல மாமா. அந்தம்மா இருந்துட்டுப் போகட்டும். எங்களுக்கு இப்ப இந்த வீடு எதுக்கு?”

இதைத்தான் உலகம் தெரியாதவன் என்றேன். நான் எடுத்துச் சொன்னேன். இன்றைக்கு இரக்கப்பட்டு விடுவாய். பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டால் அனுபவ பாத்தியதை என்று கிளம்புவாள். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், தம்பிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கு உன் பிள்ளை கோர்ட்டுக்கு நடப்பான் என்றேன். சின்னவன் முகம் மாறியது. கதிரவன் அப்போதும், ஒரு வாடகை ஒப்பந்தம் மாதிரி எழுதிக்கலாமே என்றான். செத்தவன் வாடகைக்கு விடச் சொல்லி எழுதவில்லையே. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அது. ரொம்ப நேரம் பேசவேண்டியிருந்தது. கடைசியில், மாமா, உங்களுக்குத் தெரியாததா, செய்யுங்க என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். கதிரவன் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். முகத்தைப் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது.

அடுத்தது பொருள் பட்டியல். நிறைவேற்றுகிறவன் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் எழுதவேண்டும். எது செத்தவனுடையது, எது இவளுடையது என்று பிரிக்கவேண்டும். இவள் வரும்போது ஒரு துணிப்பைதான் கொண்டுவந்தாள். இருபது வருஷத்தில் வீடு நிறையச் சாமான் சேர்ந்திருக்கிறது. தகராறு வராமல் எப்படிப் பிரிப்பது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நம் வீடுகளில்தான் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிறோமே. எதில் யார் பெயர் இருக்கிறதோ அது அவர்களுடையது. இதைவிட நியாயம் உண்டா? அவளிடமும் சொன்னேன். உன் பெயர் இருக்கிற ஒரு கரண்டியைக்கூட நான் தொடமாட்டேன் என்றேன். சரி என்றாள்.

இரண்டு நாள் ஆயிற்று. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, நான் எழுதினேன். குண்டான், தூக்குவாளி, இட்லிப் பானை, டவரா, சம்படம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ‘ப. பொன்னரங்கம்’, ‘ப. பொ.’ பழையதில் சிலதில் இந்திராணி. நூற்று நாற்பத்தேழு உருப்படி. கோசலை என்று ஒன்றுகூட இல்லை. இந்த ஆறு டம்ளரும் அப்போதுதான் வந்தது. இதை எடுத்துக் காட்டும்போது மட்டும் கையை எடுக்கவில்லை.

“இது நான் ரவிக்கை தச்ச காசுல வாங்குனது அண்ணே. முக்கால்வாசிப் பாத்திரம் நான் வாங்குனதுதான்,” என்றாள்.

பிறகு ஏன் அவன் பெயர் இருக்கிறது என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே?

“கடைக்காரன் என்ன பேர் வெட்டணும்னு கேட்டான். வீட்டுப் பேரு எதுவோ அதைத்தானே சொல்லுவாங்க.”

பாருங்கள், எவ்வளவு விவரமில்லாதவள். கடையில் வாய் திறந்து மூன்று எழுத்து சொல்லியிருந்தால் இன்றைக்கு ஒரு வண்டிப் பாத்திரம் அவளுக்கு. சொல்லவில்லை. நான் என்ன செய்ய முடியும்?

கடைசியாக ஒன்று செய்தாள். பரணில் இருந்த பெரிய பித்தளைத் தவலையை இறக்கச் சொன்னாள். விளிம்பில் பெயர் கிடையாது. கவிழ்த்துக் காட்டினாள். அடியில், கரி ஏறாத இடத்தில், ‘பொன்னரங்கம் – கோசலை’ என்று சேர்த்து வெட்டியிருந்தது. கீழே ஒரு பொங்கல் தேதி. இது அவர் போய் வெட்டிட்டு வந்தது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பயல் என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல், யார் கண்ணிலும் படாத இடத்தில் வெட்டி வைத்திருக்கிறான். ஆனால் நான் போட்ட விதி நான் போட்ட விதிதான். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பேருக்கும் சொந்தம். பாதி இவளுக்கு, பாதி உயிலுக்கு. தவலையைப் பாதியாக வெட்ட முடியுமா? பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, வந்ததைச் சரிபாதி பிரித்து, அவள் பங்கை ஒரு கவரில் போட்டுக் கொடுத்து ரசீதில் கையெழுத்து வாங்கினேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. நான் நினைத்திருந்தால் முழுத் தவலையும் உயில் சொத்து என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உங்கள் அப்பாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கவரை அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆல்பர்ட்டுக்கு ஊசி பாக்கி இருந்தது. அவர் என்னிடம் கேட்டபோது பில் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன். கடனை அடைப்பது நிறைவேற்றுகிறவன் கடமைதான், ஆனால் பில் வேண்டுமே. வீடு வீடாக ஊசி போடுகிறவரிடம் ஏது பில்? இவள் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவர் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வருகிறார், இவள் திரும்பவே இல்லை. ரோஷம். இல்லாதவர்களுக்குத்தான் அது அதிகம்.

தை மாதம் ஒரு நல்ல நாள் பார்த்து வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்தேன். வந்தபோது கொண்டுவந்த மாதிரியே ஒரு துணிப்பையோடு நின்றாள். பையைத் திறந்து காட்டு என்று நான் சொல்லவில்லை. அவளே திறந்து காட்டினாள். நானும் பார்த்தேன். பார்க்காமல் விட்டால் பிறகு என் பேரில் சொல் வரும். நாலு புடவை, ஒரு கத்தரிக்கோல், அந்த மூன்று வரித் தாள். அந்தத் தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். செல்லாத காகிதம்தானே, வைத்துக்கொள் என்றேன். வாசல் தாண்டியதும் தெருக் குழாயில் முகத்தைக் கழுவினாள். துடைத்துக்கொண்டு நிமிரும்போது நெற்றியில் ஒன்றும் இல்லை. சாவி கைமாறியாயிற்று, இனி அவள் இஷ்டம்.

பாத்திரங்களை எடுத்துப்போகச் சொல்லிக் கதிரவனுக்குப் போன் செய்தேன். வேண்டாம் மாமா, கடையில் போட்டுவிடுங்கள் என்றான். குரலே சரியில்லை. போட்டேன். இந்த ஆறு டம்ளரை மட்டும் எடைக்கு என்ன வருமோ அதைக் கொடுத்து நானே எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் நான் காபி குடித்தது இதில்தான். சிநேகிதன் ஞாபகமாக ஒன்று இருக்கட்டுமே. நாலு மாதம் அலைந்திருக்கிறேன், வேறு ஒரு பைசா தொடவில்லை.

வீடா? பூட்டித்தான் கிடக்கிறது. அவர்களுக்கு வர நேரமில்லை. போன மழையில் சமையலறை ஓடு சரிந்து உள்ளே விழுந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. சொத்தை ஒப்படைத்ததோடு நிறைவேற்றுகிறவன் வேலை முடிந்தது.

இதைச் சொல்லும்போது ஞாபகம் வருகிறது. பட்டா மாற்றும்போது ஒரு இளவட்ட வக்கீல், எல்லாக் காகிதத்தையும் பார்த்து, நடந்ததையும் கேட்டுவிட்டு, சார், நீங்களே சாட்சி போட்டிருக்கலாமே, நிறைவேற்றுகிறவர் சாட்சி போடக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே என்றான். சொத்து வாங்குகிறவன்தான் போடக்கூடாதாம். சட்டப் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டினான். படித்தேன். இருக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கலாம், ஆனால் அழகில்லை. முப்பத்துநாலு வருஷம் பார்த்தவனுக்குத் தெரியாதா?

கோசலை தம்பி வீட்டில் இரண்டு மாதம்தான் இருந்தாள். தம்பி மனைவிக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாள் இந்த கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். சமையலுக்கு எங்கேயாவது ஆள் வேண்டுமா, சொல்லுங்கள் அண்ணே என்றாள். என் வீட்டுக்காரி போய் அப்போதே ஒரு வருஷம் ஆகியிருந்தது, ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ எதற்கு, இங்கேயே இரு என்றேன். மோட்டார் ரூமை ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். வேறு யாராவது செய்வார்களா சொல்லுங்கள். ஊரில் ஒன்றிரண்டு பேர் ஏதோ பேசினார்கள். அதற்காகவே ஒரு தாளில், சம்பளத்துக்கு வேலை செய்கிறேன், வேறு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்று எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் அவள் சமையலறையில் நுழைந்து அலமாரியைத் திறந்தாள். இந்த ஆறும் வரிசையாக இருந்தது. பார்த்தாள். எல்லாவற்றையும் கீழே இறக்கிக் கழுவித் துடைத்துத் திரும்ப அடுக்கிவிட்டு, சர்க்கரை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். நல்ல குணம். அன்றைக்கிலிருந்து காபி வந்துகொண்டிருக்கிறது.

கோசலை, இந்த டம்ளரை எடுத்துக்கிட்டுப் போ. ஆமாம், சாருக்குப் போதுமாம்.

பார்த்தீர்களா, புடவைத் தலைப்பால் பிடித்துத்தான் எடுப்பாள். கை ரேகை படக்கூடாதாம். போகட்டும், போகட்டும். அவள் காதில் விழவேண்டாம் என்றுதான் நிறுத்தினேன். இதுவரைக்கும் சொன்னதெல்லாம் விழுந்திருக்கும், பரவாயில்லை, அது நடந்ததுதானே. இது வேறு. நான் என் உயிலை எழுதிவிட்டேன். அதில் ஒரு பத்தி அவளுக்கு. இந்த ஆறு டம்ளரும் என் காலத்துக்குப் பிறகு கோசலைக்குச் சேரவேண்டியது என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். இரண்டு சாட்சி, பதிவும் ஆகிவிட்டது. ஒருத்தரும் அசைக்க முடியாது. எனக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு ஐம்பத்துமூன்று நாலு இருக்கும். கட்டாயம் கைக்கு வரும். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

எழுந்துவிட்டீர்களே. உட்காருங்கள். உங்கள் அப்பா எழுதிய தாள் இதுதானா? நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. மாடி அக்காவுக்கு. சரி. ஒரு சாட்சி இருக்கிறது. இன்னொன்று வேண்டும். வெளியே ஆட்டோ நிற்கிறது, இப்போதே வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் நானே போட்டுவிடலாமே என்கிறீர்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது என்று நானே இப்போது சொன்னேனே என்கிறீர்கள். சொன்னேன். ஆனால் வேண்டாம் தம்பி, அழகில்லை. டாக்டர் என்ன சொன்னார்? அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். செய்வதைத் திருத்தமாகச் செய்துவிடுவோம். கோசலை, அந்தக் காலண்டரைக் கழட்டிக் கொண்டா.

ம். நாளைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. தசமி அன்று காலையில் குளித்துவிட்டு நானே வருகிறேன். நல்லுசாமியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.